கிறீன் குன்றுக்குப் போன ஐந்து நாட்கள்

செவ்வாய், பொஸ்டன்

நான் பிறந்தது மானிப்பாய் ஆஸ்பத்திரியில். அதற்குக் கிறீன் என்ற பெயர் ஏன் வந்தது என்று எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை அங்கிருந்து வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்து, அதையும் பிற்பாடு தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதல் இரசாயனம் வரை பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்கியவர். எங்களுக்குத் தெரிந்த கிறீன் கப்பலிலிருந்து இறங்கியபின் தொடங்குகிறார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு புது முகத்தைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி "ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்பதுதான். இத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் பிறப்புக்கு நின்ற அந்த மனிதரைப் பற்றி மட்டும் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் மகப்பேற்று விடுதிகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற நான், அதைக் கேட்டுவிடுவதென்று தங்கச்சியின் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன்.

இன்று முழுவதும் நியூபெரி வீதியிலுள்ள நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிச் சங்கத்தின் வாசிப்பு மண்டபத்தில் கழிந்தது. 1845இல் தொடங்கிய சங்கம் இது. குடிவழி தேடுவதற்கென்றே ஒரு சங்கம் இத்தனை காலம் நிலைத்திருப்பதைப் பார்க்க எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவரைத் தேடுகிறவர் வழக்கமாகக் குடிசன மதிப்பிலிருந்து தொடங்குவார். 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அது எடுக்கப்பட்டாலும், 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதி மற்றவர்களை வயது வாரியாக எண்ணிக்கையாகப் போட்டார்கள். 1850இலிருந்துதான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது; அப்போதும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர் வரவில்லை. 1880இலிருந்துதான் தலைவருக்கு அவர் என்ன உறவு என்ற பத்தி வருகிறது. 1890ஆம் ஆண்டின் ஏடுகளோ, 1921இல் வாஷிங்டனில் பற்றிய தீயோடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. நான் தேடுகிறவர் 1850இலும் 1870இலும் மானிப்பாயில் இருந்தவர். ஆகவே குடிசன மதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, நகர எழுதுவினைஞர்கள் 1850க்கு முன் எழுதி வைத்த பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்குப் போனேன்.

அங்கே எனக்குக் கால் இடறியது. மாசசூசெட்ஸ் முழுவதும் கிறீன்கள். அவர்களில் சாமுவேல்களும் கொஞ்சமல்ல. மத்தியானம் வரை நான் மிகுந்த உற்சாகத்தோடு குறிப்பெடுத்த டொக்டர் சாமுவேல் கிறீன், 1882இல் பொஸ்டன் நகர மேயராக இருந்த சாமுவேல் அபட் கிறீன் என்பவர். வைத்தியர், வரலாற்றாளர், நல்ல மனிதர். ஆனால் எங்களுடையவர் அல்லர். அவரை விட்டுவிட்டு வூஸ்டர் நகரத்துக்கு வந்தால் அங்கே இன்னொருவர் நிற்கிறார்: பொது நூலகத்தில் வாசகருக்கு நூலகர் தானே முன்வந்து உதவ வேண்டும் என்று 1876இல் எடுத்துச் சொல்லிப் புகழ்பெற்ற சாமுவேல் ஸ்வெட் கிறீன். அவர் எங்கள் வைத்தியரின் உறவுக்காரர்தான், ஆனாலும் ஆள் வேறு. "பெரியம்மா, நடுப்பெயரை விட்டுப்போட்டுத் தேடாதேங்கோ" என்று பிள்ளை சொன்னபிறகே புத்தி வந்தது. இங்கே நடுப்பெயரில்தான் பெரும்பாலும் தாய்வழி ஒளிந்திருக்கிறது.

மாலையில் கையில் இருந்தது இவ்வளவு: சாமுவேல் பிஸ்க் கிறீன், பிறப்பு 1822 ஒக்டோபர் 10, வூஸ்டர், தகப்பன் வில்லியம் எலைஜா கிறீன், வழக்கறிஞர், தாய் ஜூலியா பிளிம்ப்டன். தமையனான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் 1820ஆம் ஆண்டுப் பிள்ளை. சகோதரிகளில் ஒருத்தி மேரி ரகிள்ஸ் கிறீன். அந்த ரகிள்ஸ் என்ற நடுப்பெயரைச் சிவப்பு மையால் சுற்றி வைத்தேன்.

புதன், கேம்பிரிட்ஜ்

சாமுவேலை அனுப்பி வைத்த அமெரிக்க மிஷன் சங்கம் 1810இல் தொடங்கியது. அதன் கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பைகளை வெளியே வைத்துவிட்டு, பேனாவையும் விட்டுவிட்டு, பென்சிலோடு மட்டும் உள்ளே போக வேண்டும். குடிவழிக்கு இங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனேன். அவர் எழுதிய ஊரை அவர் எப்படி எழுதினார் என்று பார்க்கும் ஆசை.

அமெரிக்கர்களின் ஏடுகளில் நம் ஊர்ப் பெயர்களைக் கண்டுபிடிப்பதற்குக் காது வேண்டும். மானிப்பாய் அங்கே 'மானேப்பி'. வட்டுக்கோட்டை 'பற்றிக்கோட்டா'. உடுவில் 'ஊடூவில்', தெல்லிப்பழை 'ரில்லிப்பள்ளி', பண்டத்தரிப்பு 'பண்டிற்றரிப்போ'. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் ஊர் வெளியே வரும். இதே சிக்கல் மறுபக்கமும் உண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த நம் பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்களையே வைத்துவிட்டார்கள். கிறீனின் மாணவர்களில் டான்போர்த் என்றும் சாப்மன் என்றும் வருகிறவர்கள் முழுத் தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் தன் பூட்டனைத் தேடிப் புறப்படும் ஒருவர் இந்தப் பெயர்களில் வந்து முட்டி, ஏதோ வெள்ளைக்காரக் கலப்பு என்று நினைத்துத் திரும்பிவிடக்கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். இதை எழுதி வைப்பதற்காகவாவது இன்றைய நாள் பயன்பட்டது.

வியாழன், வூஸ்டர்

பொஸ்டனிலிருந்து மேற்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாஷிங்டன் சதுக்கம். வாகனங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண வட்டம். கையில் தேநீரோடு அதைக் கடந்து போனோம். அந்த இடம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

அமெரிக்கத் தொல்பொருள் சங்கம் 1812இல் ஐசையா தோமஸ் என்ற அச்சகர் தொடங்கியது. சுதந்திரப் போர்க்காலத்தில் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' பத்திரிகையை இந்த ஊரில் அச்சிட்டவர் அவர். நான் சிவப்பு மையால் சுற்றி வைத்த ரகிள்ஸ் என்ற பெயரை அங்கே கொடுத்தேன். அது பாட்டியின் பெயர். சாமுவேலின் தகப்பனைப் பெற்றவள் மேரி ரகிள்ஸ். பாட்டன் டொக்டர் ஜோன் கிறீன், 1736இல் பிறந்து 1799இல் இறந்த வூஸ்டர் வைத்தியர். மேரியின் தகப்பன் ஹார்ட்விக் ஊர் திமோதி ரகிள்ஸ், பிரித்தானியா விதித்த முத்திரை வரியை எதிர்த்து 1765இல் கூடிய முத்திரைச் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பின்னால் பிரித்தானிய அரசரின் பக்கம் நின்று, நாட்டை விட்டு நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்விட்டார். மருமகன் ஜோன் கிறீனோ குடியரசுப் பக்கம். ஒரே வீட்டுக்குள் போர் நடந்த காலம்.

மேரிக்கு ஒரு சகோதரி. பெயர் பத்சேபாள், மணம் முடித்த பெயர் ஸ்பூனர். 1778 மார்ச் 1ஆம் திகதி புரூக்பீல்டில் அவளுடைய கணவன் யோசுவா ஸ்பூனர் அடித்துக் கொல்லப்பட்டு, சொந்த வளவுக் கிணற்றில் போடப்பட்டார். கொன்றவர்கள் மூன்று போர்வீரர்கள்: வாஷிங்டனின் படையிலிருந்த எஸ்ரா ரோஸ் என்ற பதின்வயதுப் பையனும், சரணடைந்த பிரித்தானியப் படையைச் சேர்ந்த புக்கனன், புரூக்ஸ் என்ற இருவரும். தூண்டியவள் பத்சேபாள் என்று அவளுக்கும் சேர்த்து மரண தண்டனை. அதை நான் மறுத்துப் பேச வரவில்லை. தண்டனைக்குப் பிறகு நடந்ததுதான் என்னை அந்த மேசையிலிருந்து எழும்ப விடவில்லை.

தான் பிள்ளைத்தாய்ச்சி என்று அவள் விண்ணப்பித்தாள். வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிவிட்டால் பேறு முடியும் வரை தூக்கிலிடக்கூடாது என்பது அக்காலச் சட்டம். துடிக்காத பிள்ளைக்குச் சட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு பெண்களும் இரண்டு ஆண் பேற்று வைத்தியர்களும் அவளைப் பரிசோதித்துத் துடிப்பு இல்லை என்று சத்தியம் செய்து சொன்னார்கள். தன் வயிற்றில் இருப்பது உயிருள்ளது, தாயின் குற்றத்தில் அதற்குப் பங்கில்லை என்று அவள் மீண்டும் எழுதினாள். இரண்டாம் முறை பரிசோதித்தபோது முன்பு பார்த்தவர்களில் சிலரே மனம் மாறினார்கள். இன்னொரு மருத்துவிச்சியும் சேர்ந்துகொண்டாள். அவர்களோடு டொக்டர் ஜோன் கிறீனும் சேர்ந்து, பிள்ளை துடிக்கிறது என்று சொன்னார். ஆட்சிக்குழு கேட்கவில்லை. 1778 ஜூலை 2ஆம் திகதி, ஐயாயிரம் பேர் பார்த்திருக்க, நால்வரையும் தூக்கிலிட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டபடி உடலைத் திறந்து பார்த்தபோது ஐந்து மாத வளர்ச்சியுள்ள ஆண் சிசு இருந்தது. தூக்குமரம் நின்றது இன்று காலை நாங்கள் தேநீரோடு கடந்து போன வாஷிங்டன் சதுக்கத்தில்.

என் வேலையை வைத்து இதை வாசிக்காமல் இருக்க என்னால் முடியாது. முதல் பிள்ளைக்காரிக்கு ஏறக்குறைய இருபதாவது வாரத்தில்தான் துடிப்புத் தெரியும்; முன்பு பெற்றவளுக்குப் பதினாறிலேயே தெரிந்துவிடும். பத்சேபாள் முன்பு நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். துடிப்பை முதலில் அறிகிறவள் சுமப்பவள்தான். வெளியிலிருந்து வைக்கும் கைக்கு அது வாரக்கணக்கில் பிந்தியே எட்டும். நல்ல அனுபவமுள்ள கையும் ஒரு நாள் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கிழமை அதே வயிற்றில் உதை வாங்கும். எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. அந்தப் பதினான்கு பேருக்கும் கையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தாயின் வயிற்றின் மேலிருந்தே பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கலாம் என்று பிரான்சில் கெர்கராடெக் என்ற வைத்தியர் அறிவித்தது 1821ஆம் ஆண்டின் கடைசியில். அதற்கு அடுத்த ஆண்டுதான் ஜோன் கிறீனின் பேரன் சாமுவேல் பிறந்தார்.

அந்தப் பேரன் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி, 1852இல் வெளிவந்த அங்காதிபாத (உடற்கூற்று) நூலுக்கு அடுத்ததாகத் தமிழுக்குக் கொண்டுவந்த பெரிய நூல் 1857இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்'. வீட்டில் இந்தக் கதை இருந்ததனால்தான் அதைத் தெரிந்தெடுத்தார் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். பிள்ளைப்பேற்றில் சாகும் தாய்மாரை மானிப்பாயில் நாளும் பொழுதும் கண்டவருக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை இனிக் கையில் எடுக்கும்போது, ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை நம்பிச் சான்று சொன்ன பாட்டன் ஒருவர் அதன் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும்.

வெள்ளி, லெஸ்டர்

வூஸ்டருக்கு மேற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் லெஸ்டர். ஜோன் கிறீனின் தகப்பன் தோமஸ் கிறீன் (1699–1773) இங்கேதான் வாழ்ந்தார். பாப்திஸ்து சபைப் போதகரும் வைத்தியரும் அவரே. ஊரின் தென்பகுதியைக் கிறீன்வில் என்றே அழைத்தார்கள்.

அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் கதையை நான் மிகவும் விரும்புகிறேன். அவர் இளைஞராக இருந்தபோது காடாகக் கிடந்த இந்த நிலத்தைத் திருத்த மாடுகளோடு அனுப்பப்பட்டார். தனியே இருக்கையில் கடும் காய்ச்சல் கண்டது. எழுந்து நடக்கப் பலமில்லை. ஓடைக்கரையில் ஒரு பாறைக்குக் கீழே ஒதுங்கி, பக்கத்து மரத்தில் ஒரு கன்றைக் கட்டி வைத்தார். கன்றைத் தேடித் தாய்ப்பசு வரும்போதெல்லாம் கிடந்தபடியே பால் கறந்து குடித்து உயிர் தப்பினார். மருத்துவத்தை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தகப்பனுடைய வீட்டில் தங்கியிருந்த கப்பல் வைத்தியர்கள் இருவர் அந்தப் பையனின் ஆர்வத்தைக் கண்டு தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்து, புத்தகமும் கொடுத்தார்கள். பிற்பாடு அவரும் தன் வீட்டிலேயே மாணவர்களை வைத்து வைத்தியம் கற்பித்தார்.

தெருவோரம் காரை நிறுத்தி, மேப்பிள் இலைகள் கொட்டிக் கிடந்த ஓடை ஒன்றின் கரையில் சற்று நேரம் நின்றோம். கதையின் ஓடை இதுதான் என்று சொல்ல முடியாது. வைத்தியசாலை, வீடு, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஆசானின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றல் என்ற முறை மானிப்பாய்க்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி நின்றேன். நியூயோர்க்கில் 1845இல் முறையாகப் பட்டம் பெற்றவர் சாமுவேல். என்றாலும் அவர் மானிப்பாயில் நடத்தியது பூட்டன் லெஸ்டரில் நடத்தியதையே எனக்கு நினைவூட்டுகிறது.

சனி, வூஸ்டர்

காலையில் கிறீன் குன்று. குடும்பத்தின் பழைய தோட்டம் முழுவதும் இன்று நகரப் பூங்கா. சாமுவேலின் தமையன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய ஆணையத்தில் முக்கியமானவர். பல ஊர்களை இணைத்து 1898இல் பெருநகர நியூயோர்க் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் வாதாடியவர். 1903 நவம்பர் 13ஆம் திகதி, ஆள் மாறாட்டத்தால் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். அதன்பின் 1905இல் இந்த நிலம் நகரத்துக்குக் கிடைத்தது. பெரிய வீட்டை 1950களில் இடித்துவிட்டார்கள். குளம் இருக்கிறது, கோல்ப் மைதானம் இருக்கிறது, வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடமும் இருக்கிறது.

வீடு இல்லாமற் போனது எனக்கு மிகுந்த வருத்தம். 1873இல் உடல்நலம் கெட்டுத் திரும்பிய சாமுவேல், யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைகளோடு வாழ்ந்தது இங்கேதான். வந்தபின்னும் தமிழை விடவில்லை. 1875இல் இரசாயன நூலான 'கெமிஸ்தம்', 1883இல் உடற்றொழிலியல் நூலான 'மனுஷ சுகரணம்', 1884இல் இந்திய மருந்துகள் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' எல்லாம் அவர் திரும்பிய பிறகு வெளிவந்தவை. ஒரு கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடி, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடி, அங்கும் இல்லையென்றால் மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது அவர் முறை. பனி மூடிக் கிடக்கும் இந்தக் குன்றில், பேச்சுக்குக்கூட ஒரு தமிழர் இல்லாத இடத்தில், நரம்புக்கும் நாளத்துக்கும் தமிழ்ச் சொல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துக்கொண்டு அந்தக் குளக்கரையில் வெகுநேரம் இருந்தேன்.

இதே குன்றில்தான் பத்சேபாளும் கிடக்கிறாள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தூக்குமரத்திலிருந்து இறக்கிய உடலைச் சகோதரி வீட்டார் எடுத்து வந்து தங்கள் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். அடையாளக் கல் இல்லை. கையில் கொண்டுபோன செவ்வந்திப் பூக்களில் பாதியைப் பிள்ளை பிரித்துத் தந்தாள். இடம் தெரியாததால் ஒரு பெரிய மரத்தடியில் வைத்தேன், தாய்க்கும் அந்தப் பிள்ளைக்குமாக.

மத்தியானத்துக்குப் பிறகு கிராமியக் கல்லறைத் தோட்டம். 1838இல் அமைத்தது, பெயர் அப்படியிருந்தாலும் இப்போது நகரத்தின் நடுவில் இருக்கிறது. அன்ட்ரூவும் இங்கேதான். சாமுவேல் 1884 மே 28ஆம் திகதி இறந்தார். தனக்கு ஒரு கல் வைப்பதானால் அதில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெயர், ஆண்டுகள், பிறகு 'தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர்' என்ற பொருள்படும் ஒரு வரி, கடைசியில் இயேசுவே தனக்கு எல்லாம் என்ற வரி. எந்த ஊரார், எந்தப் பட்டம், யாருடைய மகன் என்று ஒன்றும் கேட்கவில்லை. கல்லில் விரலை வைத்து 'தமிழர்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரு பாசித் துணுக்கை நகத்தால் எடுத்துவிட்டு மீதிப் பூக்களை வைத்தேன்.

மானிப்பாயிலுள்ள ஒன்றுவிட்ட அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆனாலும் விழித்துத்தான் இருந்தார். "என்ன பிள்ளை, கண்டுபிடிச்சிட்டியோ? ஆள் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். வில்லியம் எலைஜாவின் மகன், வூஸ்டர் ஜோன் வைத்தியருக்கும் மேரி ரகிள்ஸுக்கும் பேரன், லெஸ்டர் தோமஸ் வைத்தியரின் பூட்டப்பிள்ளை என்று சொன்னேன். ஒரு கடதாசி எடுத்து வருவதாகவும், முதலிலிருந்து மெதுவாகச் சொல்லும்படியும் கேட்டார்.